கைப்பேசியின் நிறையும் குறையும்



ஒரு குடும்பம் மாடு வாங்கப் போனால் என்ன செய்வார்கள்? பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், நாலு பேரிடம் விசாரிப்பார்கள். கைப்பேசி வாங்கும்போதோ, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் நிறத்தையும், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருளுக்கு இந்தச் சோதனை போதுமா? இன்றைய பேச்சில் இதைத்தான் ஆராயப் போகிறோம்.

செலண்டார், நியாலாஸ், ஆசாகான், பத்தாங் மலாக்கா வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கைப்பேசி ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. பள்ளிக்கூடத்து ஆசிரியர் அனுப்பும் செய்தி அதில்தான் வருகிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், வங்கியில் சேர்ந்த சம்பளத்தைச் சரிபார்ப்பதும் அதில்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பி தங்கை மூவரும் மாற்றி மாற்றி வைத்துப் பாடம் படித்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே இது ஒரு கருவி. கோடாரியையும் பால்வெட்டும் கத்தியையும் போல வேலை செய்யும் கருவி. கருவியை அழகுக்காக வாங்குவோர் இல்லை. அதன் நிறையையும் குறையையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2022ஆம் ஆண்டு மே மாதம் 1,500 வெள்ளியாகவும், 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. கடையில் நடுத்தர விலைக் கைப்பேசி என்று காட்டப்படுவனவற்றில் பல, ஏறத்தாழ இந்த ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமானவை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் பெரியவர்கள். எப்படி அளப்பது?

பேச்சு தெளிவாக இருக்க ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட கேலக்ஸி ஏ55 என்பது நடுத்தர வகையில் பலரும் அறிந்த ஒன்று. இதை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது நம் நோக்கமன்று. ஒன்றை எடைபோடக் கற்றுக்கொண்டால், எந்த நிறுவனத்தின் கைப்பேசியையும் அதே முறையில் எடைபோடலாம்.

முதலில் நிறைகளைப் பார்ப்போம்.

இதன் பெட்டியில் ‘ஐபி67’ என்று ஒரு குறி இருக்கும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான குறி இதுவே. இரண்டு இலக்கங்களில் முதலாவது தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி உள்ளே புகாது என்று பொருள். இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. 7 என்றால், ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல தண்ணீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் பனியிலே பால்மரம் வெட்டுகிறவருக்கும், திடீர் மழையில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருப்பவருக்கும், செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில் நடப்பது. சவர்க்காரத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் இது பொருந்தாது. தண்ணீரைத் தடுக்கும் ஒட்டுகள் நாளாக ஆகத் தளர்ந்துபோகும். ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெளிந்தால் அந்தக் காப்பும் போய்விடலாம். தண்ணீர் புகுந்து கெட்டுப்போனால் உத்தரவாதத்தில் அது பெரும்பாலும் சேராது. மழையில் காப்பாற்றும் குடை என்று இதை எண்ணுங்கள். ஆற்றில் நீந்த உதவும் படகு என்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது, திரை. 6.6 அங்குலத் திரை, நல்ல வெளிச்சமுள்ளது. வெயிலிலும் எழுத்துத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் பாட்டி தாத்தாவும் சிரமமின்றிப் படிக்கலாம். ‘120 ஹெர்ட்ஸ்’ என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். திரை ஒரு விநாடிக்கு 120 முறை புதிய படத்தை வரைகிறது என்பதே அதன் பொருள். விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு ஓடும். கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் மின்கலம் சற்று வேகமாகத் தீரும். 60 முறை என்று குறைத்து வைத்துக்கொள்ளவும் அமைப்பு உண்டு. பாடம் படிக்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

மூன்றாவது, கேமரா. “அப்பா, இதிலே ஐம்பது மெகாபிக்சல் இருக்கு!” என்று மகன் குதிப்பான். ஐம்பது மெகாபிக்சல் என்றால் படத்தை ஐந்து கோடிப் புள்ளிகளாகப் பிடிக்கக்கூடியது என்று அர்த்தம். ஆயினும் வழக்கமாகப் படம் எடுக்கும்போது, நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றேகால் கோடிப் புள்ளியுள்ள படத்தையே இது தருகிறது. நான்கு சிறிய மங்குகளில் விழும் பாலை ஒரே வாளியில் ஊற்றுவது போல, நான்கு புள்ளிகளில் விழும் வெளிச்சம் ஒன்றுசேர்வதால் இருட்டிலும் படம் தெளிகிறது. ஆகவே எண் பெரிதாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. இந்தக் கைப்பேசியில் கை நடுக்கத்தை ஈடுகட்ட வில்லையே அசைத்துக் கொடுக்கும் அமைப்பு உண்டு. இரவுத் திருவிழாவில் தேரைப் படம் பிடிக்கும்போது அதன் பயன் தெரியும். தூரத்துப் பொருளை நெருக்கிக் காட்டும் தனி வில்லை இதில் இல்லை.

நான்காவது, மின்கலம். 5,000 மில்லியாம்பியர் மணி என்பது அதன் கொள்ளளவு. விடியலில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவருக்கு ஒரு நாள் முழுவதும் போதும். ஆனால் சில நூறு முறை தீர்த்து நிரப்பிய பிறகு, எந்த லித்தியம் மின்கலமும் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். அதற்கு முதல் எதிரி சூடு. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கூடையிலும் கைப்பேசியை விட்டுவைத்தால் அதன் ஆயுள் குறையும். பழைய கைப்பேசிகளில் இருந்ததுபோல் மூடியைக் கழற்றி மின்கலத்தை மாற்ற இதில் முடியாது, உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பழுதுபார்ப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். விற்பனையாளர் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார்; நாமே கேட்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் கம்பி இருக்கும். மின்னூட்டும் கருவி இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று கண்டதை வாங்கி இரவு முழுவதும் தலைமாட்டில் செருகி வைப்பது ஆபத்து. பலகை வீடும் லயமும் தீக்கு இரையாக ஒரு பொறி போதும். சிரிம் முத்திரை உள்ள கருவியையே வாங்குங்கள்.

செவிக்கருவியின் கம்பியைச் செருகும் வட்டத் துளை இதில் இல்லை. பண்பலை வானொலி வாங்கியும் இல்லை. வானொலி கேட்கும் நமக்கு இது ஒரு குறைதான். மின்னல் எஃப்எம்மை ஆர்டிஎம் கிளிக் செயலி வழியாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்குக் காசு வேண்டும். வெள்ளக் காலத்தில் மின்சாரம் தடைப்பட்டுத் தொலைத்தொடர்புக் கோபுரம் ஓய்ந்துவிட்டால் கைப்பேசி ஊமையாகிவிடும். மின்கலத்தில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டியோ அப்போதும் பேசும். ஆகவே புதுக் கைப்பேசி வந்துவிட்டது என்று பழைய வானொலிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

படங்களைச் சேர்த்துவைக்கத் தனி நினைவு அட்டை போடும் வசதி உண்டு. ஆனால் அந்த அட்டைக்கும் இரண்டாவது சிம் அட்டைக்கும் ஒரே இடம்தான். அட்டையைப் போட்டால் இரண்டாவது சிம் அட்டையைப் போட முடியாது. எடையும் 213 கிராம். சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் நழுவி விழும். முன்னும் பின்னும் கண்ணாடி. உறுதியான கண்ணாடிதான், ஆனாலும் கண்ணாடி கண்ணாடியே. உறையும் திரைக் காப்பும் சேர்த்து வாங்குவது வீண்செலவன்று.

நேயர்களே, இதுவரை சொன்னவை கண்ணால் காணக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றே எல்லாவற்றிலும் முக்கியமானது. அதுதான் கைப்பேசியின் வயது.

கைப்பேசிக்குள் ஓடும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. திருடன் நுழையக்கூடிய ஓட்டைகள் அவை. நிறுவனம் அவற்றை அடைத்து, இணையம் வழியாக இலவசமாக அனுப்பிவைக்கிறது. இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று பெயர். வீட்டுக் கதவின் பூட்டை மாதத்துக்கு ஒருமுறை வந்து சரிபார்த்துக் கொடுப்பது போன்ற சேவை இது. ஆனால் இச்சேவை என்றென்றைக்கும் கிடைக்காது. ஏ55க்கு ஐந்து ஆண்டு என்று நிறுவனம் அறிவித்தது. அந்த ஐந்து ஆண்டு எப்போது தொடங்குகிறது? நாம் வாங்கும் நாளிலிருந்து அன்று. அது சந்தைக்கு வந்த காலத்திலிருந்து. 2024இல் வந்தது 2029 வரைதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காக மட்டும் விலைகளை நாமே வைத்துக்கொள்வோம்.

1,800 வெள்ளிக் கைப்பேசி, ஐந்து ஆண்டுச் சேவை: ஆண்டுக்கு 360 வெள்ளி, மாதத்துக்கு 30 வெள்ளி.

700 வெள்ளிக் கைப்பேசி, இரண்டே ஆண்டுச் சேவை: ஆண்டுக்கு 350 வெள்ளி. மலிவு என்று வாங்கியது, வருடக் கணக்கில் ஏறக்குறைய அதே செலவு!

900 வெள்ளிக் கைப்பேசி, ஆறு ஆண்டுச் சேவை: ஆண்டுக்கு 150 வெள்ளி, மாதத்துக்குப் பன்னிரண்டரை வெள்ளி.

இன்னொன்று. முதலில் சொன்ன 1,800 வெள்ளிக் கைப்பேசியை, மூன்று ஆண்டு கழித்து ‘மலிவு விற்பனை’ என்று 1,200 வெள்ளிக்குக் கொடுக்கிறார்கள். எஞ்சியிருப்பது இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 600 வெள்ளி ஆகிறது. விலை இறங்கிவிட்டது, செலவோ ஏறிவிட்டது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த கேலக்ஸி ஏ16 என்ற, விலை கணிசமாகக் குறைந்த கைப்பேசிக்கே ஆறு ஆண்டுப் புதுப்பிப்பை அந்த நிறுவனம் அறிவித்தது. அதன் தண்ணீர்க் காப்பு ஐபி54. அதாவது தூறலையும் தெறிக்கும் நீரையும் தாங்கும், தண்ணீருக்குள் விழுந்தால் தாங்காது. 2025 மார்ச்சில் வந்த ஏ56க்கும் ஆறு ஆண்டு. ஆனால் ஏ55இல் இருந்த நினைவு அட்டை வசதியை அதில் எடுத்துவிட்டார்கள். ஒன்றில் வயது கூடுகிறது, வசதி குறைகிறது. மற்றொன்றில் விலை குறைகிறது, காப்பும் குறைகிறது. எல்லா நிறையும் கூடிய கைப்பேசி கடையில் இல்லை. நம் வீட்டுக்கு எந்தக் குறை பரவாயில்லை, எந்தக் குறை ஆகாது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டிலேயே இருந்து பிள்ளை படிப்பதற்கு ஏ16 போன்றது போதும். மழையிலும் மண்ணிலும் கூடவே வரும் கைப்பேசிக்கு ஐபி67 தேவைப்படலாம்.

பாதுகாப்புப் புதுப்பிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? கைப்பேசிக்குள் வங்கி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், போலீஸ் சம்மன் என்றும், வீடு துப்புரவுச் சேவை என்றும் சொல்லி, ‘ஏபிகே’ எனப்படும் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதைத் தொட்டு நிறுவிவிட்டால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையே மோசக்காரன் படித்துவிடக்கூடும். மாதமெல்லாம் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நிமிடத்தில் போய்விடும். எவ்வளவு புதிய கைப்பேசியானாலும், கதவை நாமே திறந்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்? பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல், வங்கிக்கோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணுக்கோ உடனே அழையுங்கள். 2022இல் அந்த மையம் அமைக்கப்பட்டதே இதற்காகத்தான். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அடுத்து அலைவரிசை. ‘5ஜி’ என்ற எழுத்துக்கு மட்டும் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், நம் தோட்டத்தில் அது எட்டுகிறதா என்று பாருங்கள். மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டது. ஆகவே பழைய 3ஜி கைப்பேசியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் இணையம் சரிவர வேலை செய்யாது. குன்றும் அடர்ந்த மரங்களும் அலையைத் தடுக்கும். பட்டணத்துக் கடைக்குள் ஐந்து கோடு காட்டும் கைப்பேசி, லயத்துக்குள் ஒரு கோடு காட்டலாம். அது கைப்பேசியின் குறையாக இராது; கோபுரத்தின் தூரமாக இருக்கலாம். பக்கத்து வீட்டாரின் சிம் அட்டை எந்த நிறுவனத்துடையது, அவர்கள் வீட்டுத் திண்ணையில் எப்படி எடுக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேவையைத் தேர்ந்தெடுங்கள்.

இறுதியாக, வாங்கும் முறை. உள்நாட்டு உத்தரவாதம் உள்ளதா, வெளியிலிருந்து தருவித்த ‘ஏபி செட்டா’ என்று நேராகக் கேளுங்கள். கைப்பேசியில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் அதன் ஐஎம்இஐ எண் தோன்றும். பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருட்டுப் போனால் புகார் செய்ய உதவும். ரசீது கட்டாயம் வேண்டும்.

தவணையில் வாங்குவோர் பெருக்கல் கணக்குப் போடத் தவறக்கூடாது. ‘மாதம் 95 வெள்ளிதான், தங்கச்சி’ என்று கடைக்காரர் இனிமையாகச் சொல்வார். 24 மாதத்துக்கு அது 2,280 வெள்ளி. கையில் கொடுத்தால் 1,800 வெள்ளி. வித்தியாசம் 480 வெள்ளி. ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பை வாங்கிய பிறகும் மிச்சம் இருக்கும் தொகை. மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

வாங்கிய பொருள் பழுதாக இருந்து கடைக்காரர் கைவிரித்தால் நமக்குப் போக்கிடம் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் புகார் பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அம்மன்றம் விசாரிக்கும். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே நமக்காகப் பேசுவது அந்த ரசீதுதான்.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே, அடுத்த முறை ஜாசினுக்கோ மலாக்காவுக்கோ கைப்பேசி வாங்கப் போகும்போது இந்த ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இது எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது, இன்னும் எத்தனை ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு? தண்ணீருக்கும் தூசிக்கும் என்ன காப்பு? பெட்டிக்குள் என்ன இல்லை? மின்கலத்தை எங்கே மாற்றலாம், எவ்வளவு ஆகும்? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு வெள்ளி?

படித்த பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். நிறத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். கேள்வியை நீங்கள் கேளுங்கள். விடை திருப்தியாக இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வருவதில் எந்தக் குறையும் இல்லை. கடை நாளையும் இருக்கும்.